புலி வருது, இன்சுலின் எடு!

2019, நவம்பர் 30. நள்ளிரவு தாண்டி கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் அது தேங்க்ஸ்கிவிங் வார இறுதி. குடும்பம் மொத்தமும் ஒன்றுகூடி வான்கோழியும் பூசணிக்காய் இனிப்புமாக ஒரு வெட்டு வெட்டும் பண்டிகை. உண்ட களைப்பில் ஊரே தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால், சில ஆயிரம் வீடுகளில் அப்பா அம்மாக்கள் அரைத் தூக்கம்தான் தூங்குவார்கள். அவர்கள் வீட்டில் டைப்-1 சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தை இருக்கும். அதன் உடம்பில் சின்னதாக ஒரு சென்சார் ஒட்டியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சர்க்கரை அளவைக் கணக்கெடுத்து குழந்தையின் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அது டெக்ஸ்காம் கம்பெனியின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து பெற்றோரின் போனுக்கு. அளவு எகிறினாலோ இறங்கினாலோ தலையணைக்குப் பக்கத்திலிருக்கும் அந்த போன் அலறும். எழுந்து ஓட வேண்டும்.

அன்றைக்கு போன் அலறவில்லை.

ஆகா, இன்றைக்கு ராத்திரி பிரச்னை இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். காலையில் எழுந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. குழந்தையின் சர்க்கரை ஒழுங்காக இருந்ததா இல்லையா என்பதல்ல விஷயம். கம்பெனியின் சர்வர் நடுராத்திரியிலேயே படுத்துவிட்டது! குழந்தையின் கையிலிருந்த கருவி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால், அசந்து தூங்கும் எட்டு வயதுப் பொடியன் அலாரம் கேட்டா எழுந்திருக்கப் போகிறான்? அப்பா அம்மாவுக்குப் போகவேண்டிய செய்திதான் போகவில்லை. எல்லாம் சரியாக மேலும் இரண்டு நாள் ஆனது.

அந்தப் பெற்றோர்கள் கொதித்துப்போனதற்குக் காரணம், மிஷின் கெட்டுப்போனதல்ல. மிஷின் என்றால் கெடத்தான் செய்யும். கெட்டுப்போனதை அது சொல்லவில்லை என்பதுதான். 'எல்லாம் நலம்' என்பதற்கும் மௌனம்தான், 'நான் செத்துவிட்டேன்' என்பதற்கும் மௌனம்தான் என்றால், எதை எதுவென்று எடுத்துக்கொள்வது?

'சுகர் ஏறிடுச்சு' என்று ஒரு கருவி சத்தம் போட்டால் நம்பலாமா? போடாவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. இதற்குப் பதில் தேடி மனிதர்கள் கிட்டத்தட்ட 350 வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை, நாக்கிலிருந்து ஆரம்பிக்கிறது.

நிஜமாகவே நாக்கில்தான். 1674-ம் வருடம் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், நோயாளிகளின் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, தேன் மாதிரி தித்திக்கிறது என்று எழுதிவைத்தார். முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்கு அதுதான் லேப் டெஸ்ட். எறும்பு மொய்க்கும் சிறுநீரைப் பற்றி இந்தியாவின் பழைய வைத்திய நூல்களிலேயே உண்டு. 'மதுமேகம்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

வில்லிஸுக்கு நூறு வருடம் கழித்து, 1776-ல், லிவர்பூலைச் சேர்ந்த மாத்யூ டாப்சன் இன்னொரு படி மேலே போனார். சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினார். அடியில் தங்கியது பழுப்புச் சர்க்கரை மாதிரியே இருந்தது. நோயாளியின் ரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரையும் சுவைத்துப் பார்த்தார். அதுவும் இனித்தது! சர்க்கரை சிறுநீரகத்தில் முளைப்பதில்லை, ரத்தத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாக்குக்கு விடுதலை கிடைத்தது. ஸ்டான்லி பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியல்காரர் ஒரு நீலத் திரவம் தயாரித்தார். சிறுநீரை அதில் சில சொட்டு விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று போய் செங்கல் நிறத்துக்கு வந்தால், போச்சு! உங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் இந்த வர்ணஜாலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிட் விளக்கும் டெஸ்ட் டியூபுமாக வீட்டிலேயே லேப் நடத்திய தாத்தாக்கள் அநேகம்.

பெனடிக்ட் திரவத்தை ஒரு அலாரம் என்று வைத்துக்கொண்டால், அதில் இரண்டு கோளாறு.

ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். 170-ல் நின்றால் திரவம் நீலமாகவே சிரிக்கும். அளவு ஆபத்தாக இறங்கி 40-க்கு வந்தாலும் அதே நீலம்தான். இரண்டாவது, நீங்கள் பரிசோதிப்பது பல மணி நேரமாகச் சேர்ந்த சிறுநீரை. அதாவது, கையிலிருப்பது நேற்றைய பேப்பர். இன்றைய தலைப்புச் செய்தி வேறாக இருக்கலாம்.

ரத்தத்தையே வீட்டில் அளக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர் டாக்டரே அல்ல. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன், ஒரு இன்ஜினீயர். 12 வயதில் டைப்-1 வந்தவர். 1969-ல் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் மீட்டர். ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்! எடை மூன்று பவுண்டு, விலை 650 டாலர். நடுராத்திரி மயங்கி வருகிற ஆசாமி குடித்திருக்கிறாரா, சர்க்கரையால் சரிந்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க அந்த மீட்டர்.

நோயாளிகளுக்கு விற்கமாட்டோம் என்றார்கள். பெர்ன்ஸ்டீனின் மனைவி டாக்டர். அவர் பெயரில் ஆர்டர் போட்டு வாங்கினார். தினம் ஐந்தாறு முறை விரலைக் குத்திக்கொண்டு, எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கு எழுதினார். ஒரு நோயாளி தன் நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் வைத்திய உலகம் திரும்பிப் பார்க்குமா? பார்க்கவில்லை. சரி, நானே டாக்டராகிவிடுகிறேன் என்று 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்! 2025-ல் தனது 90-வது வயதில் காலமாகும் வரை சர்க்கரையோடு வாழ்ந்து காட்டினார்.

இப்போது விரலைக் குத்தும் மீட்டர் எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால், குத்துகிற நேரத்துக்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். காலை 7 மணிக்கு 130. பகல் ஒரு மணிக்கு 150. நடுவில் பத்து மணிக்கு 290-க்குப் போய்த் திரும்பியிருந்தால்? யாருக்குத் தெரியும்! அதைவிட முக்கியமான சங்கதி, தூங்குகிறவரை அது எழுப்பாது.

இந்த இடத்தில், ஏறினால் என்ன என்று ஒரு வார்த்தை. டைப்-1 என்றால் உடம்பில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்றுபோன நிலை. வெளியிலிருந்து போகும் இன்சுலினும் தடைபட்டால் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதில் பிறக்கும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு, பிறகு மயக்கம். சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகி உயிரைக் குடிக்கலாம். டைப்-2 காரர்களுக்கு இவ்வளவு அவசரம் பெரும்பாலும் இருக்காது. அங்கே கண், சிறுநீரகம், கால் நரம்பு என்று வருடக்கணக்கில் வட்டி வசூலிக்கும்.

ஆகவே, யாராவது இருபத்து நாலு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அளவு தாண்டினால் கூவ வேண்டும்.

அதற்கான விதை 1962-லேயே விழுந்துவிட்டது. லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஆக்ஸிஜனை அளக்கும் மின்முனை ஒன்றை ஏற்கெனவே செய்துவைத்திருந்தார். அதன் முனையில் குளூக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை ஒரு படலமாகப் பரப்பினால் என்ன என்று யோசித்தார். பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதி அது. குளூக்கோஸைக் கண்டால் ஆக்ஸிஜனைச் செலவழித்து அதைச் சிதைக்கும். எவ்வளவு ஆக்ஸிஜன் செலவானது என்று பார்த்தால், எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று தெரிந்துவிடுமே!

எனக்குப் பிடித்த இடம் இது. பி.காம். படித்தவன் என்பதால் இருக்கலாம். ஒருவர் வருமானத்தை மறைத்தால், இன்கம்டாக்ஸ் ஆபீசர் அவருடைய செலவைப் பார்த்து வரவைக் கணக்குப் போடுவார் இல்லையா? அதே டெக்னிக்தான். அதாவது, கருவி சர்க்கரையை நேரடியாகப் பார்ப்பதில்லை. வேறொன்றைப் பார்த்து ஊகிக்கிறது. பின்னால் வந்த சென்சார்கள் ஆக்ஸிஜனை விட்டுவிட்டு, அந்த வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையோ, வேறு வழியில் கைமாறும் எலெக்ட்ரான்களையோ எண்ணத் தொடங்கின. அப்போதும் ஊகம்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

1999-ல் மினிமெட் என்ற கலிபோர்னியா கம்பெனி, முதல் தொடர் கண்காணிப்புக் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி வாங்கியது. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய சென்சார், இடுப்பில் ஒரு பேஜர் சைஸ் பெட்டி. மூன்று நாள் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். பிறகு டாக்டர் அதை கம்ப்யூட்டரில் இணைத்து, 'செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு உங்களுக்கு 310' என்பார். நோயாளிக்கு எதுவும் தெரியாது, பெட்டியும் வாய் திறக்காது. திருடன் போன பிறகு கேமராவைப் போட்டுப் பார்க்கிற கதை.

கூவுகிற கருவி 2001 மார்ச்சில் வந்தது. பெயர் குளூக்கோவாட்ச். சிக்னஸ் என்ற கம்பெனி தயாரிப்பு. பார்க்க ஒரு பெரிய கைக்கடிகாரம். ஊசியே கிடையாது! அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் மெத்தை வழியாகத் தோலுக்குள் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சும். உப்பின் அயனிகள் அதோடு இழுபட்டு மேலே வரும். கூடவே துளியூண்டு குளூக்கோஸும் வரும். அதை அளந்து 20 நிமிடத்துக்கு ஒரு முறை திரையில் காட்டும். நீங்கள் குறித்து வைத்த அளவைத் தாண்டினால் பீப்... பீப்... பீப்.

பத்திரிகைகள் கொண்டாடின. விரலில் குத்தும் காலம் மலையேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால், அனுமதி கொடுத்த எஃப்.டி.ஏ.வே கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தது. நாலில் ஒரு முறை, இதன் கணக்குக்கும் விரல் ரத்தத்தின் கணக்குக்கும் 30 சதவிகிதத்துக்கு மேல் வித்தியாசம் வரலாம். எனவே, இதை மட்டும் நம்பி இன்சுலின் போடாதீர்கள். விரலில் குத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்!

அதாவது, ஊசி வேண்டாம் என்று வாங்கிய கடிகாரம் அடிக்கும்போதெல்லாம் ஊசி குத்தணும்.

கூத்து அதோடு முடியவில்லை. கட்டியதும் மூன்று மணி நேரம் சூடேறக் காத்திருக்க வேண்டும். பிறகு விரலில் குத்தி அதற்கு அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும். 12 மணி நேரத்தில் மெத்தை தீர்ந்துவிடும். வியர்த்தால் அளவெடுக்காமல் தாண்டிப் போய்விடும். சர்க்கரை இறங்கும்போது உடம்பு முதலில் செய்கிற காரியமே வியர்ப்பதுதான்! கழற்றினால், கட்டியிருந்த இடம் செவசெவவென்று சிவந்திருக்கும்.

200 குழந்தைகளையும் டீன்ஏஜ் பிள்ளைகளையும் வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2005-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான மீட்டர், மீதிப் பேருக்கு அதோடு குளூக்கோவாட்ச்சின் மேம்பட்ட இரண்டாவது மாடல். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு அணிக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் வித்தியாசமே இல்லை. கடிகாரக்காரர்களில் 27 சதவிகிதம் பேர் அதைக் கழற்றி எறிந்துவிட்டிருந்தார்கள். மற்றவர்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் கட்டினார்கள். காரணம் கேட்டால், தோல் எரிச்சல் முதலிடம். அளவெடுக்காமல் தாண்டுவது அடுத்தது. மூன்றாவது, ஓயாத அலாரம். கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்ன காரணம் அது.

ஆடு மேய்க்கும் பையன் கதை உங்களுக்குத் தெரியும். 'புலி வருது, புலி வருது' என்று சும்மா சும்மா கத்துவான். ஊர்க்காரர்கள் கம்போடு ஓடி வந்து ஏமாந்து திரும்புவார்கள். நிஜமாகப் புலி வந்த அன்று ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்தக் கதையில் பையன் விளையாட்டுக்குக் கத்தினான். குளூக்கோவாட்ச் விளையாடவில்லை. அதற்குப் புலிக்கும் பூனைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே! 2007-ல் விற்பனை நின்றது.

தப்பு என்பதிலேயே பல ரகம் உண்டு. இதை 1987-லேயே அழகாகப் பிரித்துக் காட்டியவர்கள் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க்கும் அவரது சகாக்களும். (அந்த லேலண்ட் கிளார்க் வேறு, இவர் வேறு.) மீட்டர் எத்தனை சதவிகிதம் தப்பு என்று கேட்காதே, அந்தத் தப்பை நம்பி நோயாளி என்ன செய்வார் என்று கேள் என்றார்கள். ஒரு கட்டம் போட்டு ஐந்து பேட்டைகளாகப் பிரித்தார்கள்.

ஏ பேட்டை, சரியான கணக்கு. பி பேட்டை, தப்புதான், ஆனால் பாதகமில்லை. நிஜ அளவு 350, மீட்டர் 270 என்கிறது. இரண்டுமே அதிகம்தானே, நோயாளி ஏறக்குறைய ஒரே காரியத்தைத்தான் செய்வார். சி பேட்டையில், பிரச்னை இல்லாதபோது இருப்பதாகச் சொல்லி, தேவையில்லாத வைத்தியம் செய்ய வைக்கும். டி பேட்டையில், ஆபத்து வந்த பிறகும் 'சும்மா தூங்கு' என்கும். இ பேட்டைதான் படுமோசம். நிஜத்தில் 60. கருவி சொல்வது 250. அதை நம்பி இன்சுலின் போட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே கிணற்றின் விளிம்பில் நிற்பவரைப் பிடித்துத் தள்ளியது போல ஆகும்.

'சுகர் அதிகம்' என்ற பொய்யான அலாரம் வெறும் தொந்தரவல்ல என்பது இப்போது புரிகிறதா? தூக்கம் கெடுவதோடு போகாது. அதைக் கேட்டுப் போடப்படும் இன்சுலின், ரத்தத்திலிருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையையும் வழித்துவிடும்.

இதற்கு நிஜ உதாரணம் உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. பாரசிட்டமால்! காய்ச்சல், தலைவலி என்றால் ஒன்றைப் போட்டுக்கொள்கிறோமே, அதேதான். டெக்ஸ்காமின் ஜி4, ஜி5 மாடல்களை மாட்டியிருப்பவர் அதை விழுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலேயே சென்சாரில் ஏறிவிடும். மந்திரமில்லை. சென்சார் எண்ணுவது எலெக்ட்ரான்களை என்று சொன்னேன் இல்லையா? பாரசிட்டமாலும் அதே மின்முனையில் எலெக்ட்ரான்களைக் கொட்டும். கணக்கில் போலி பில் செருகியது மாதிரி. கூட்டல் தப்பில்லை, பில்தான் தப்பு.

2016 டிசம்பரில் எஃப்.டி.ஏ. ஒரு பெரிய படியைத் தாண்டியது. ஜி5 சென்சார் சொல்வதை வைத்தே, விரலில் குத்திச் சரிபார்க்காமல் இன்சுலின் முடிவு எடுக்கலாம் என்று அனுமதித்தது. அப்போதும் பாரசிட்டமால் பற்றிய எச்சரிக்கை கூடவே வந்தது. 2018-ல் வந்த ஜி6-ல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு கிராம் வரை பாரசிட்டமால் எடுத்தாலும் பாதகமில்லை என்ற நிலை வந்தது. அபாட் கம்பெனியின் லிப்ரே 2-க்கு வேறொரு வில்லன். வைட்டமின் சி மாத்திரையை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அந்தக் கம்பெனியே எச்சரிக்கிறது.

அதே 2018-ல் எஃப்.டி.ஏ. இந்த வகைக் கருவிகளுக்கு ஒரு புதிய பரீட்சை வைத்தது. கிளார்க்கின் பேட்டைகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். நிஜ அளவு 180-க்கு மேல் இருக்கும்போது, குறைந்தது 80 சதவிகித அளவீடுகள் நிஜத்துக்கு 15 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். இன்னொரு விதி இன்னும் கறார். நிஜம் 180-க்கு மேல் இருக்கும்போது கருவி 70-க்குக் கீழே காட்டக் கூடாது, நிஜம் 70-க்குக் கீழே இருக்கும்போது 180-க்கு மேலே காட்டக் கூடாது. ஆய்வில் ஒரு முறைகூட!

பிரமாதமான விதி. ஆனால், பாஸ் மார்க் வாங்கிய கருவியின் அலாரம் எப்படியிருக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலாரத்தை 180-ல் வைத்திருக்கிறீர்கள். உங்கள் நிஜ அளவு 200. பதினைந்து சதவிகிதம் என்றால் 30. கருவி 170 முதல் 230 வரை எதைக் காட்டினாலும் பாஸ்தான். 170 காட்டினால்? அலாரம் அடிக்காது. கருவி தப்புச் செய்யவில்லை, ஆனால் உங்களுக்குச் செய்தி வரவில்லை. அதே சமயம், நிஜத்தில் 165-ல் இருப்பவருக்கு 185 காட்டி எழுப்பிவிட்டுவிடும். எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் எந்த அலாரமும் தடுமாறத்தான் செய்யும். 300-ல் இருப்பவருக்கு அநேகமாகத் தடுமாறாது.

இதோடு நேரக் கணக்கு வேறு இருக்கிறது. சென்சார் முனை இருப்பது ரத்தக் குழாயில் அல்ல. தோலுக்கு அடியில், செல்களுக்கு நடுவே இருக்கும் திரவத்தில். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே வந்து சேர ஐந்து பத்து நிமிடம் ஆகும். சாப்பிட்ட பிறகு நிமிடத்துக்கு 3 என்று ஏறுகிறது என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் 30. கருவி 180 என்று கூவும்போது நிஜம் 210-ஐத் தொட்டிருக்கும்.

விளம்பரங்களில் இன்னொரு எண்ணைப் பார்த்திருப்பீர்கள். தப்பு விகிதம் சராசரியாக 8, 9 சதவிகிதம்தான் என்று பெருமையாகப் போடுவார்கள். ஆரம்பக் காலத்தில் 20 சதவிகிதத்தைத் தாண்டியிருந்ததை நினைத்தால் பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால், அக்கவுன்டன்சி முதல் வருடத்தில் எங்களுக்குத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டதாலேயே கணக்கில் பிழை இல்லை என்று அர்த்தமில்லை. சராசரி என்பது ஆயிரக்கணக்கான அளவீடுகளின் சராசரி. இன்றைக்கு ராத்திரி உங்கள் கையில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு சென்சார் எப்படி என்று அது சொல்லாது.

அளவு சரியாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? 2016-ல் டெக்ஸ்காம் தன் ரிசீவர் பெட்டிகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கையில் இறங்க வேண்டி வந்தது. சென்சார் ஒழுங்காக அளந்தது. திரையில் எண்ணும் சரியாக வந்தது. ஸ்பீக்கர்தான் ஊமை! 2025-ல் மறுபடியும் ரிசீவர் ஸ்பீக்கர் பிரச்னை, மறுபடியும் அதே நடவடிக்கை. இத்தனை விஞ்ஞானத்துக்கும் கடைசியில் நிற்பது ஒரு சாதாரண ஸ்பீக்கர்.

தொலைவிலிருந்து பார்ப்பதும் கம்பெனிகள் தாமாகக் கொடுத்த வரமில்லை. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக், ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர். 2012-ல் அவருடைய நாலு வயது மகனுக்கு டைப்-1 வந்தது. பையன் பள்ளியில், அப்பா ஆபீஸில். எண் மட்டும் பையன் இடுப்பிலிருக்கும் பெட்டியில். 2013-ல் அந்தப் பெட்டியின் பூட்டை உடைக்காத குறையாக உள்ளே புகுந்து, எண்ணை இன்டர்நெட்டுக்குக் கொண்டுவந்தார். அவரைப் போன்றவர்கள் சேர்ந்து உருவாக்கி, இலவசமாகக் கொடுத்ததுதான் நைட்ஸ்கவுட். 'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை' என்பது அந்தக் கூட்டத்தின் கோஷம். கம்பெனியின் சொந்த ஏற்பாடு பரவலாக வந்தது அதற்குப் பிறகுதான். 2019 நவம்பரில் படுத்துக்கொண்டது அந்த ஏற்பாடுதான்.

கடைசியாக, 2025 நவம்பர். லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் ஒரு பகுதி, அளவைத் தப்பாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அபாட் அறிவித்தது. ஒரே ஒரு உற்பத்தி வரிசையில் நேர்ந்த கோளாறு. அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள். அதோடு தொடர்பிருக்கலாம் என்று உலகெங்கிலுமிருந்து வந்த புகார்களில் 736 கடுமையான பாதிப்புகள், ஏழு மரணங்கள்.

குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? இறங்கிவிட்டது என்று பயந்து ஜூஸ் குடிப்பார்கள். போட வேண்டிய இன்சுலினைத் தள்ளிப்போடுவார்கள். நிஜ அளவு மேலே மேலே போகும். 'அதிகம்' என்ற அலாரமோ அடிக்கவே அடிக்காது. அதைப் பொறுத்தவரை அளவுதான் குறைவாக இருக்கிறதே! அலாரம், ஸ்பீக்கர், போன், சர்வர் எல்லாம் நன்றாக வேலை செய்யும். நின்று வேடிக்கை பார்க்கும்.

இவ்வளவு படித்துவிட்டு, 'அடப் போங்கப்பா, இந்தச் சனியனே வேண்டாம்' என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாக்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். குழந்தைகளைக் காப்பாற்றிய அலாரங்கள் ஏராளம். ஓயாமல் விரலைக் குத்திக்கொண்ட தலைமுறைக்கு இது நினைத்தே பார்க்க முடியாத சௌகரியம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. கையில் வட்டமாக ஒட்டிக்கொண்டவர்களை இப்போது நம் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே பார்க்க முடிகிறது. கருவி இன்னும் பரவத்தான் போகிறது.

ஆனால், ஒட்டிக்கொள்ளும்போது சில கேள்விகளை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அலாரத்தை எனக்கு எந்த அளவில் வைப்பது? (ஊருக்கெல்லாம் ஒரே எண் பொருந்தாது. ரொம்பக் கீழே வைத்தால் அது நாள் முழுக்கக் கூவும். ஒரு வாரத்தில் நீங்களே வாயை அடைத்துவிடுவீர்கள்.) நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதாவது இதைக் குழப்புமா? ஒட்டிய முதல் நாள் எவ்வளவு தூரம் நம்பலாம்?

வேறொரு விஷயத்தை எந்தக் கம்பெனியின் கையேட்டைப் புரட்டினாலும் பார்க்கலாம். உடம்பு ஒன்று சொல்கிறது, கருவி வேறொன்று சொல்கிறது என்றால், விரலில் குத்திப் பாருங்கள் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். நாக்கு வறள்கிறது, தண்ணீர் தாகம் அடங்கவில்லை, நாலு தரம் பாத்ரூம் போயாகிவிட்டது. கருவியோ 110 என்று சாதிக்கிறது. அப்போது கருவி சொல்வதை ஒரு ஓரமாக வைத்துவிடுங்கள். குத்துவதற்கு முன்னால் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால், மீட்டர் மாம்பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து அளந்து சொல்லும்!

ஆகவே, புதுக் கருவி வந்துவிட்டதே என்று அந்தப் பழைய மீட்டரைப் பேரன் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். காலாவதியாகாத ஸ்டிரிப்புகளோடு அலமாரியில் அது பாட்டுக்கு இருக்கட்டும்.